ஒத்திகை வேந்தர்

பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாடம் நடத்த மாட்டார், தேர்வு வைக்க மாட்டார், யாரையும் வேலைக்கு எடுக்கவும் மாட்டார், வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார். அதையெல்லாம் துணைவேந்தர் தலையில் கட்டிவிட்டு, வருடத்தில் ஒரே ஒரு நாள் வருவார். பட்டமளிப்பு நாளன்று கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையாக வருகிற பிள்ளைகளின் கையைப் பிடித்து ஒரு வாக்கியம் சொல்வார். முடிந்தது வேலை. இதற்கும் முந்தின நாள் ஒத்திகை உண்டு. ஒத்திகைக்கு எந்த வேந்தரும் தலைகாட்டியது கிடையாது. அவர்களுக்குப் பதிலாக அங்கியை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். பட்டமளிப்பு அரங்கத்தின் எலெக்ட்ரீஷியன்.

நான் அதே அரங்கத்தில் மைக், ஸ்பீக்கர் பார்க்கிறவன். அரங்கத்தின் கடைசியில் ஒரு மேஜை, மேஜைமேல் பொத்தான்கள், பொத்தான்களுக்குப் பின்னால் நான். ஆகவே எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன், காதாலும் கேட்டேன்.

அத்தான் வேந்தரானது தற்செயல்தான். அப்போதைய வேந்தர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. நல்ல உயரம், நல்ல வயிறு. அவர் உட்கார்ந்தால் வெளிச்சம் முகத்தில் விழுமா வயிற்றில் விழுமா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பதிவாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். ஏணி உச்சியில் பல்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தான் கண்ணில் பட்டார். உயரமும் ஒத்துப்போனது, வயிறும் ஒத்துப்போனது. "நீங்க கொஞ்சம் இறங்கி வந்து இங்க உட்காருங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு வேந்தர்கள் மாறினார்கள், பதிவாளர்கள் மாறினார்கள், அத்தான் மாறவில்லை. எங்கள் ஆட்கள் அவருக்கு ஒத்திகை வேந்தர் என்று பேர் வைத்துவிட்டார்கள். கேன்டீன்காரர்கூட "வேந்தருக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று உள்ளே பார்த்துக் கத்துவார்.

இன்னொருத்தராக இருந்தால் வந்தோமா, உட்கார்ந்தோமா, எழுந்தோமா என்று போயிருப்பார். அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. எதை எடுத்தாலும் உயிரைக் கொடுத்துச் செய்கிற ஜாதி. புது வேந்தர் வரும்போதெல்லாம் அவர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், எப்படி மேலே வந்தார் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதை வைத்து விசிறிக்கொள்வதுதான் வழக்கம். அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே ஆள் அத்தான்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

"இதுல படிக்க என்ன அத்தான் இருக்கு?" என்று கேட்டால், "அவர் எப்படிப்பட்டவர்னு தெரியாம நான் எப்படி அவர் மாதிரி நடக்கிறது மாப்பிள்ளை? நான் வேகமா நடந்து காட்டி, நாளைக்கு அவர் மெதுவா நடந்தா, பின்னால வர்ற பேராசிரியருங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிப்பாங்கல்ல?" என்பார்.

நீதிபதி, ஜெயிலில் சமையல் செய்தவரின் மகனாம். சின்ன வயதிலேயே கதவுக்கு உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை மறந்தவர் என்று அத்தான் தானாகவே முடிவு செய்துகொண்டார். அந்த நீதிபதி இருந்த வருடங்களில் பட்டமளிப்பு நெருங்கினால் அத்தானும் சிரிக்க மாட்டார். வீட்டில் உர்ரென்று உட்கார்ந்து சாப்பிடுவார். அக்கா தட்டை டொக்கென்று வைத்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, உப்பு போதுமா?" என்பாள். அடுத்து வந்த கப்பல் கம்பெனி முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கை கொடுத்தவர். அவரைப் பற்றிச் சொல்ல அத்தானுக்கே ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு இருதய டாக்டர். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைத்தவர். அந்த டாக்டர் பட்டம் வாங்க வந்த பையனின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. விரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த விழா முடிஞ்சதும் நேரா என் ஆஸ்பத்திரிக்கு வா" என்றார். மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது. பையன் போனான், பிழைத்தான். அதிலிருந்து அத்தான் வீட்டில் எங்கள் எல்லார் நகத்தையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வானொலியில் செய்தி வாசித்தவர் வேந்தராக இருந்த காலத்தில் வீட்டில் பட்ட பாட்டை நான் சொல்லப்போவதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூடச் செய்தியாகத்தான் கேட்டோம்.

இப்போது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்குகிறவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும். வேந்தர் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தி, "இன்று முதல் நீங்கள் எங்களில் ஒருவர்" என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் இருந்து அந்த வார்த்தை வந்தால்தான் பட்டம் பட்டம். உருளைக்குள் சுருட்டிக் கொடுக்கிற காகிதம் வெறும் அத்தாட்சிதான். அதனால் ஒத்திகையில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. முன்பொரு காலத்தில் யாரோ விளையாட்டாகச் சொல்லப்போக, ஒரு பேப்பர் பாக்கி வைத்திருந்த பையன் "அதான் சொல்லியாச்சே" என்று பட்டத்தைக் கேட்டு அலுவலகத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டானாம். ஆனால் ஒத்திகையிலும் அதே அளவு நேரம் வாயசைக்க வேண்டுமே, இல்லையென்றால் வரிசை ஓடிவிடும். அதற்காக அத்தான் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தார். மேடையின் இடது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி உண்டு. தடுக்கி விழாத ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பொத்திக்கொண்டு, "பாத்துப் போங்க, அங்க ஒரு படி இருக்கு" என்பார். வருடா வருடம் எத்தனை கைகள், அத்தனைக்கும் அதே வாக்கியம், அதே அக்கறை.

அத்தான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அதைப் பற்றிப் புலம்பியதே கிடையாது. மகள் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதுதான் அவர் மனசில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. குடிநீர் சுத்திகரிப்புப் படிப்பு. என் மருமகள் கெட்டிக்காரி, வாயும் ஜாஸ்தி. அப்பா எலெக்ட்ரீஷியன் என்று எல்லாரிடமும் சொல்வாள், ஒத்திகை வேந்தர் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். அங்கியில் அவரைப் பார்த்துத் தோழிகள் ஆச்சரியப்பட வேண்டுமாம். கடைசி வருடம் முடிவதற்குள் வெளிநாட்டில் ஒரு தண்ணீர் நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் யாருக்கும் பெருமை பிடிபடவில்லை. பயண டிக்கெட் வந்தபோதுதான் இடி விழுந்தது. பட்டமளிப்பு அன்று விடியற்காலையில் விமானம். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள், வேலை கொடுத்தவர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

"விடுங்கப்பா, ஒத்திகைக்கு நான் இருப்பேன்ல. உங்க கையால வாங்கிட்டுப் போறேன். வேற யாருக்குக் கிடைக்கும்?" என்றாள். அத்தான் சிரித்துச் சமாளித்தார். எனக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லை.

ஒத்திகைக்கு இரண்டொரு நாள் முன்னால் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மேலே ஏறி, பல்பைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மாப்பிள்ளை, அந்த நாற்காலி மைக்கை ஒரு நிமிஷம் அமுக்கி வைக்க முடியுமா?"

"எப்போ?"

"பாப்பா வர்றப்போ."

"எதுக்கு அத்தான்?"

"அந்த வார்த்தையை அவகிட்ட சொல்லணும். அவளுக்கு மட்டும். இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் சொன்னதில்ல. யாருக்கும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்."

விதியை மீறி ஒரு ஸ்க்ரூவைக்கூட முறுக்காத மனிதர். "அமுக்கிடறேன், நீங்க முதல்ல இறங்குங்க" என்றேன்.

இதற்கு நடுவில் வேந்தர் மாறியிருந்தார். இந்தத் தடவை ஒரு அம்மா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து, கால்பந்து நடுவராகி, நாடு நாடாகப் போய் விசில் ஊதியவர். புத்தகத்தைப் படித்துவிட்டு அத்தான் ரொம்பக் குழம்பிப்போனார். "வாழ்க்கை பூரா ஓடினவங்க மாப்பிள்ளை. அவங்க எப்படி உட்காருவாங்கன்னு ஒரு வரி போடலையே!" கடைசியில் நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக உட்காருவது என்று முடிவானது.

ஒத்திகை அன்று காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மருமகள் நடுவில் எங்கோ இருந்தாள். ஒத்திகைக்குப் பெற்றோரை விட மாட்டார்கள் என்பதால் அக்காவை நான் என் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். அத்தான் அங்கியைப் போட்டு, தொப்பியைச் சரிசெய்து, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். என் விரல் நாற்காலி மைக்கின் பொத்தான்மேல் இருந்தது.

அப்போது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நடுவரம்மா வந்தார். பின்னாலேயே பதிவாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம், நீங்க இன்னைக்கு வரவே வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"ஆட்டத்துக்கு முந்தின நாள் மைதானத்தை நடந்து பார்க்காம நான் விசில் ஊதினதே இல்ல. இந்த நாற்காலிதானே?"

அத்தான் துள்ளி எழுந்தார். அங்கியைக் கழற்றினார். அந்த அம்மா நன்றி சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார். அங்கிக்குள் ஆளே காணாமல் போய்விட்டார். "நீங்க போயிடாதீங்க, பக்கத்துலயே நின்னு சொல்லிக்கொடுங்க" என்று அத்தானை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷி. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. எந்த வேந்தரும் எட்டிப் பார்க்காத ஒத்திகைக்கு, இந்த வருடம் பார்த்தா வர வேண்டும்? அக்கா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் கையை நீட்டினார்கள். நடுவரம்மா அந்தக் கைகளைப் பொத்தி, சொல்லிக்கொடுத்தபடி, "பாத்துப் போங்க, அங்க ஒரு படி இருக்கு" என்றார். அத்தான் பக்கத்தில் கை கட்டி நின்றார். சட்டையில் காலையில் பட்ட சுண்ணாம்புத் தூசி அப்படியே இருந்தது. அங்கி இல்லாமல் அந்த மேடையில் அவர் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

மருமகளின் முறை வந்தது. பெயரை வாசித்தார்கள். நாற்காலி முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

நடுவரம்மா காத்திருந்தார். பிறகு, "கையைக் கொடும்மா" என்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றாள். சின்னக் குரலில்தான் சொன்னாள், ஆனால் மைக் திறந்திருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. "நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். விடிஞ்சா ஊரை விட்டுப் போறேன். எனக்குப் பட்டமளிப்பு இன்னைக்கு மட்டும்தான். எங்கப்பா கையால வாங்கணும்."

"உங்கப்பா யாரு?"

அவள் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தான் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுவரம்மா எழுந்துவிட்டார். அங்கியைக் கழற்றி, தன் கையாலேயே அத்தானின் தோளில் போட்டார். "ஆளை மாத்தி இறக்கறது தப்பில்ல. உட்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு, அத்தான் நின்ற இடத்தில் அவர் போய் நின்றுகொண்டார்.

அத்தான் உட்கார்ந்தார். இந்த முறை விளிம்பில் உட்காரவில்லை. மகள் கையை நீட்டினாள். அவர் பொத்திக்கொண்டார். வாய் திறந்தது. இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தை வரவில்லை. பழகிய வாக்கியம்தான் வந்தது. "பாத்துப் போம்மா, அங்க ஒரு படி இருக்கு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மருமகள் நகரவில்லை.

"அது இல்லப்பா. சொல்லுங்க."

மைக்கை அமுக்க வேண்டியது என் வேலை. விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அமுக்காதடா. எனக்கும் கேட்கணும்" என்றாள்.

அத்தான் கண்ணைத் துடைக்கவில்லை, கை இரண்டும் மகளிடம் இருந்ததே. "இன்று முதல் நீங்கள் எங்களில் ஒருவர்" என்றார். பெற்ற மகளை ‘நீங்கள்’ என்று சொன்னார். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

சிரிப்பு நின்றது. பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, சொல்லிட்டாரே! மேடம், அந்த வார்த்தையை ஒத்திகையில சொல்லவே கூடாது!"

"இந்தப் பொண்ணு எல்லாத்துலயும் பாஸா?"

"பாஸ்தான் மேடம், ஆனா…"

"அப்ப அடுத்தவங்க வரட்டும்" என்றார் நடுவரம்மா.

ஆனால் பதிவாளர் விடுகிற ஆளா? மதியம் அத்தானை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே சத்தம் போட்டார். இனிமேல் அந்த நாற்காலிப் பக்கமே போகக் கூடாது. மகள் வராதவர்கள் பட்டியலில்தான் வருவாள். அங்கே நடந்தது எந்தக் கணக்கிலும் சேராது, வீட்டில் வேஷம் போட்டு விளையாடின மாதிரிதான் என்றார். அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேலையைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. "என்னால பாப்பா பட்டத்துக்கு ஏதாவது சிக்கல் வந்துடுமா மாப்பிள்ளை?" என்று என்னைக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். விமான நிலையத்திலும் அவளிடம் மன்னிப்புத்தான் கேட்டிருக்கிறார். "கணக்குல சேராதாம் பாப்பா, அப்பா அவசரப்பட்டுட்டேன்" என்றாராம். "எனக்குச் சேர்ந்துடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அக்காவுக்குப் பேச்சு நின்று நின்று வந்தது.

பட்டமளிப்பு நடந்தது. அத்தானும் அக்காவும் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார்கள். அக்கா என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார, அத்தான் மேடைக்குப் பின்னால் விளக்கு ஸ்விட்சுப் பலகைமுன் உட்கார்ந்துவிட்டார். நடுவரம்மா நாற்காலியில் முதுகு சாய்த்து, ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்து வார்த்தையைச் சொன்னார்.

எல்லாரும் வாங்கி முடித்தபின் வராதவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அப்போது யாரும் கவனிப்பதில்லை. பாதி அரங்கம் பூச்செண்டைத் தேடும், மீதி பாதி போட்டோ எடுக்கும். பதிவாளர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, வேந்தர் "வராவிட்டாலும் எங்களில் ஒருவர்" என்று சொல்லிக்கொண்டே வருவார். என் மருமகளின் பெயரை வாசித்தார்.

நடுவரம்மாவின் கை மேலே போனது. ஓடுகிற ஆட்டத்தை நிறுத்துகிற கை. அரங்கம் தானாக அமைதியானது.

"இவங்க வராதவங்க இல்ல" என்றார், மைக்கில். "நேத்தே வந்தாங்க. கையை நீட்டினாங்க, நாற்காலியில இருந்தவர் வார்த்தையைச் சரியா சொன்னார், வாங்கிட்டுப் போனாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வேந்தர் நாந்தானே? நான் பார்த்தது கணக்குல சேரும். இந்தப் பட்டியல்லேர்ந்து அவங்க பேரை எடுத்துடுங்க."

பதிவாளர் பேனாவைத் திறந்தார். அத்தனை பேர் முன்னிலையில் வேறென்ன செய்வார்?

அப்போது மேடை விளக்குகள் மொத்தமாக அணைந்தன. அரங்கத்தின் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடினாள். அத்தான் அந்தப் பலகைமேல் அப்படியே கவிழ்ந்து, ஸ்விட்சு எல்லாம் கைக்கடியில் கிடக்க, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தாராம்.

"கரண்ட் போயிடுச்சா? யாருப்பா அங்க, சீக்கிரம்!" என்று பதிவாளர் கத்தினார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்று இருட்டுக்குள்ளிருந்து நடுவரம்மாவின் குரல் வந்தது. "அவர் மெதுவா போடட்டும்."

அரங்கம் முழுக்கக் காத்திருந்தோம்.